சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் முதலாளி காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தியதும் நேராக என் கணினிக்குத்தான் வருவார். ஒரு கையில் நுரை பொங்கும் தே தாரிக் டீ, மறு கையில் மூக்குக் கண்ணாடி. திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ராசி பலன் பார்க்கிற முகத்தோடு, "என்னம்மா சொல்லுது இன்னிக்கு?" என்பார். "எல்லாம் நல்லாருக்காம் பாஸ்" என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்குத் தே தாரிக் தொண்டைக்குள் இறங்கும்.

அவர் கேட்பது லாக்கைப் பற்றி. முந்தின நாள் எடுத்த படங்களும் வீடியோவும் ஒழுங்காக நகல் எடுக்கப்பட்டனவா இல்லையா என்று கணினியே எழுதிவைக்கும் ஒரு வரி. அந்த வரியை எழுதச் சொல்லிக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அதனால் அதன் நல்லது கெட்டது எல்லாம் என் தலையில்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். படம் எடுப்பது முதலாளியும் அவர் மருமகனும். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பது மருமகன். நான் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குகிறேன், நியாயம் என் பக்கம் இருந்தால் திருப்பியும் கொடுக்கிறேன். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் வந்து போகிறவள். அதற்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தேன். அதை மூடியதும், "சும்மா ஒரு மாசம் வந்து பாத்துக் குடும்மா" என்று முதலாளி கூப்பிட்டார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொன்னால் சண்டை வரும், ஆகையால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் வந்த புதிதில் இங்கே நகல் எடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அழுகை வரும். ஞாபகம் வந்தவர் வந்தபோது கணினியில் இருப்பதை வெளியே மாட்டிவைத்திருக்கும் ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துப் போடுவார்.

"நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்பார் மருமகன்.

"நீ எடுத்திருப்பேன்னு நான் நெனச்சேன்லா" என்பார் மாமனார்.

இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு பேட்ச் ஸ்கிரிப்ட் எழுதினேன். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கணினிக்கு வரிவரியாக எழுதிவைக்கும் சின்னக் கோப்பு, மளிகைக் கடைக்கு அனுப்பும்போது வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் சீட்டு மாதிரி. சாயங்காலம் ஆறரை மணிக்குத் தானே விழித்துக்கொள்ளும். புதிதாக வந்த கோப்புகளை ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுக்கும். என்ன நடந்தது என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

முதல் வாரமே மானம் போயிற்று. நகல் எடுக்கும் கட்டளை வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் சரி, வேறு எது வந்தாலும் தப்பு என்று துறைமுகத்தில் பழகிய கை அப்படியே எழுதிவிட்டது. இந்தக் கட்டளையின் வழக்கம் வேறு. புதுக் கோப்பு எதுவும் இல்லையென்றால் பூஜ்யம். புதுக் கோப்பு இருந்து, அதை ஒழுங்காக நகல் எடுத்துவிட்டால் ஒன்று. பலன் என்ன? கல்யாணம் எடுத்துவிட்டு வந்த நாளெல்லாம் லாக் "கோளாறு" என்று ஒப்பாரி வைத்தது. கடையில் ஈ ஓட்டிய நாளெல்லாம் "எல்லாம் நல்லாருக்கு" என்றது.

முதலாளி ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தார். "என்னம்மா இது, வேல வந்தா அழுவுது, வேல இல்லன்னா சிரிக்குது? என் மருமகன் கொணம் அப்படியே இருக்கே!"

மருமகன் காதில் ஹெட்போனை மாட்டியிருந்தார், பிழைத்தார்.

அதைச் சரிசெய்தேன். எட்டோ அதற்கு மேலோ வந்தால்தான் உண்மையான கோளாறு என்று மாற்றி எழுதினேன். அடுத்த சண்டை அந்தச் சொல்லுக்கே வந்தது. காலங்காத்தாலே கடையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் திரையில் "கோளாறு" என்று எழுதியிருப்பது முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"'அப்புறம் பாத்துக்கலாம்'னு போடேன்மா. கேக்கவும் நல்லாருக்கும்."

"பாஸ், நல்லது நடந்தா அது நல்லதுன்னு சொல்லும். கோளாறுன்னா கோளாறுன்னுதான் சொல்லும். பூசி மெழுவறதுக்கு ஆள் வேணும்னா வேற ஆள பாத்துக்குங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்ததால் ஒரு சமரசம் செய்துகொண்டோம். கோளாறு என்று எழுதிய கையோடு, எண்ணையும் எழுதி, அதே வரியில் "முருகா காப்பாத்து" என்று சேர்த்துவிட்டேன். முதலாளிக்கு மனசு நிறைந்தது. கோளாறு வந்தால் அரை மணி கழித்து மறுபடி முயற்சி செய், நகல் எடுத்து முடிக்கும் வரை விடாதே என்றும் எழுதினேன். என் பிடிவாதத்தில் கொஞ்சம் அதற்கும் இருக்கட்டுமே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க் கணினிக்குக் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. "இங்க என்ன இருக்கோ அதுதான் அங்கயும் இருக்கணும். கண்ட கண்ட பழசெல்லாம் அங்க சேரக்கூடாது." அப்படியே செய்தேன். கணினியில் சேர்ந்தது டிஸ்கிலும் சேரும். கணினியில் அழித்தது, அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடியதும் டிஸ்கிலும் அழியும். எங்கள் கடையில் யாரும் எதையும் அழிக்கிற வழக்கமே கிடையாது என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு நவராத்திரி சமயம் டீச்சர் படியேறி வந்தார். சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நாற்பதைத் தாண்டிய வயது, பருத்திச் சேலை, தோளில் ஒரு பெரிய துணிப்பை. என் மேசைக்கு வந்து குனிந்து, காற்றாக, ஒரு ரகசியம் போலப் பேசினார்.

"அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் தங்கச்சி கல்யாணம் நீங்கதான் எடுத்தீங்க."

என்ன வில்லங்கமோ என்று நானும் குனிந்து ரகசியமாக, "ஆமாவா? என்ன பிரச்சினை?" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க சத்தமாவே பேசலாம்க்கா. எனக்குத் தொண்டைதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அசடு வழிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு குரல் இப்படி ஆகிவிட்டது என்றார். பேச்சு இன்னும் கொஞ்சம் தேறலாம், பாட்டு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். வகுப்பில் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார். "முன்னாடி கத்துனா அடங்காத புள்ளைங்க, இப்ப நான் என்ன சொல்றேன்னு கேக்கறதுக்காகவே வாய மூடிக்கிட்டு இருக்காங்க. அதுல எனக்கு லாபம்தான்" என்று அதற்கும் சிரித்தார்.

அவருக்கு வேண்டியது என்ன என்று பிறகு சொன்னார். அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தது இவர்தான். காது குத்தியபோது, சடங்கின்போது, கல்யாண ஊஞ்சலில் உட்கார்ந்தபோது, எல்லாவற்றுக்கும் இவர்தான் லாலி பாடியிருக்கிறார். இப்போது தங்கைக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

"இதுக்கு மட்டும் யூடியூப்ல யாரோ பாடறத போடச் சொல்றியான்னு அவ என்கிட்ட சண்டை போடறாக்கா. அன்னிக்கு ஊஞ்சல்ல நான் பாடுனது எங்கயாச்சும் இருக்கும்ல?"

"நாங்க குடுத்த வீடியோலயே இருக்குமே டீச்சர்?"

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீடியோவுல நான் வாயத் தொறந்து தொறந்து மூடறேன். பாடறது எவளோ ஒரு சினிமாக்காரி."

மருமகன் பக்கம் திரும்பினேன். மருமகன் கேமரா லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். இந்த ஆளுக்கு மணமக்கள் கோயிலைச் சுற்றினால் ஒரு சினிமாப் பாட்டு, மோதிரம் போட்டால் ஒரு சினிமாப் பாட்டு. ஊஞ்சலில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடியதையும் மூடிவிட்டு அதன்மேல் ஒன்றைப் போட்டிருக்கிறார்.

"வேற எதிலயும் பதிவு பண்ணலியா டீச்சர்? கைப்பேசில?"

"மச்சான் எடுத்தாரு. அந்தப் போன கோலா சிலாங்கூர் ஆத்துல விட்டுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நானும் எடுத்து வெக்கலக்கா. குரல் எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்."

அதைக் கேட்டதும் மவுஸைக் கையில் எடுத்தேன். கணினியில் தேடினேன். அந்தக் கல்யாணத்தின் வெட்டாத ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் ஒரு ஃபோல்டரில் அப்படியே இருந்தன. திரையைத் திருப்பிக் காட்டினேன். அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் மருமகன் அதே கணினியில் ஓர் அவசர வேலையை ஓடவிட்டிருந்தார், ஒலியைத் தேடிப் பிரிப்பதற்கு நேரமும் பிடிக்கும்.

"சரஸ்வதி பூஜை முடிஞ்ச மறுநாள் காலைல வாங்க டீச்சர். எடுத்துத் தரேன்."

"பத்திரமா இருக்கும்ல?"

"லாக்க பாருங்க." என் பெருமையைக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். "தெனமும் நகல் எடுக்குது. 'எல்லாம் நல்லாருக்கு', 'எல்லாம் நல்லாருக்கு', பாத்தீங்களா? ரெண்டு எடத்துல இருக்கு உங்க குரல்."

டீச்சர் நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

பூஜையன்று நான் விடுப்பு. கிள்ளானில் என் வீட்டுப் பூஜையே எனக்குத் தலைக்கு மேல் வேலை. மறுநாள் காலை கடைக்குள் நுழைந்தால், சுவரோரமாக ஒரு மேசை முழுக்கச் சரஸ்வதி. படத்துக்கு முன்னால் கேமராக்கள், லென்ஸ்கள், முக்காலி, கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. மருமகனின் ட்ரோனுக்கு மல்லிகைச் சரம். கணினியைத் தூக்கிவர முடியாததால் அதன் திரையிலேயே சரஸ்வதி படத்தைப் போட்டு இரவெல்லாம் எரியவிட்டிருந்தார்கள். தரை பளபளத்தது. முதலாளி வேட்டி கட்டிக்கொண்டு சுண்டல் கிண்ணத்தோடு நின்றார். பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது.

சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு லாக்கைத் திறந்தேன். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் "எல்லாம் நல்லாருக்கு." அதற்குக் கீழே பூஜையன்று ஆறரை மணிக்கு "கோளாறு. எண் 16. முருகா காப்பாத்து." அதற்குக் கீழும் அதே. அதற்குக் கீழும் அதே. அரை மணிக்கு ஒருமுறை, இரவு முழுக்க, கணினி விடாமல் முருகனைக் கூப்பிட்டிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "பதினாறா? நல்ல நம்பர்தானேம்மா. 'பதினாறும் பெற்று பெருவாழ்வு வாழ்க'ன்னு கல்யாணத்துல சொல்றோமே?"

"இது பெருவாழ்வு இல்ல பாஸ். டிஸ்க்கே காணோம்னு சொல்லுது. எங்க டிஸ்க்?"

அவர் சுண்டல் கரண்டியால் காட்டினார். கேமராக்களுக்கு நடுவில், பட்டுத் துணியின்மேல், சந்தனம் பூசி நட்டநடுவில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது எங்கள் ஹார்ட் டிஸ்க்.

"நம்ம பொழைப்பே அதுலதானே இருக்கு. அதுக்குப் பூஜை போடாம எதுக்குப் போடறது?"

எனக்கு வந்ததே கோபம். நான் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் லாக்கில் ஒரு முழம் நீளத்துக்குக் கோளாறு! "குடுங்க பாஸ், இப்பவே மாட்டறேன். மாட்டுனா அதுவே நகல் எடுத்துக்கும், அடுத்த வரி சரியாயிடும்."

"தொடாதேம்மா! சாமிகிட்ட வெச்சத நல்ல நேரம் வராம எடுக்கலாமா? பத்தரைக்கு மறுபூஜை. கற்பூரம் காட்டிட்டு எடுத்துக்க."

"நகல் எடுக்கற டிஸ்க்குக்கும் லீவா?"

"நீ நேத்து லீவு எடுத்தல்ல? அதுக்கும் ஒரு நாள் குடு."

இந்த மனிதரோடு பேசி ஜெயிக்க முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுண்டல் தின்றேன். அதில் உப்புக் குறைச்சல் என்றும் சொன்னேன். உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு டீச்சர் வந்தார். கையில் ஒரு பென் டிரைவ், பையில் எங்களுக்காக ஒரு டப்பா நெய்யுருண்டை. உட்காரச் சொல்லிவிட்டு அவர் தங்கையின் ஃபோல்டரைத் தேடினேன். இல்லை. பெயரை மாற்றித் தேடினேன். இல்லை. அந்த வருஷத்தின் ஃபோல்டரே இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை.

"பாஸ்," என்றேன், முடிந்தவரை மெதுவாக. "பழைய கல்யாணமெல்லாம் எங்க?"

அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "கிளீன் பண்ணிட்டேன்மா! நேத்து காலைலயே. ஒரு மூட்டை செத்த பேட்டரி, ஒடஞ்ச முக்காலி, கம்ப்யூட்டர்லயும் டெலிவரி குடுத்த பழசெல்லாம் தூக்கிட்டேன். அதுல ஒரு குப்பைத்தொட்டி இருக்குமே, அதையும் காலி பண்ணிட்டேன். ஆயுத பூஜைன்னா ஆயுதம் சுத்தமா இருக்கணுமா இல்லியா?"

டீச்சருக்குக் காது நல்லாத்தான் இருந்தது. எழுந்து நின்றார். ஒரு கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கோபப்பட்டுக் கத்தக்கூட முடியாத ஒருத்தரை அப்படி நிற்கவைத்துவிட்டோமே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. அவருக்கும் சேர்த்து நானே கத்தினேன்.

"யாரக் கேட்டு அழிச்சீங்க? அதுல இவங்க குரல் இருக்கு பாஸ்! இனிமே பாட முடியாத குரல்!"

முதலாளிக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். டீச்சரைப் பார்த்தார், அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணம் மேசைமேல் டங்கென்று விழுந்தது. "ஐயையோ" என்று ஒரே பாய்ச்சலாகப் பூஜை மேசைக்குப் போனார். "டிஸ்க்ல இருக்கும்ல? நேரமாவது காலமாவது! இந்தா, மாட்டு, மாட்டு!" சந்தனமும் பூவுமாக டிஸ்கை அள்ளிக்கொண்டு ஓடி வந்து, கணினியின் ஒயரை எடுத்து அதில் சொருகப் போனார்.

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் கீழே வாழையிலைக் கடையில் சாம்பார் ஊற்றியவர் கையும் நின்றிருக்கும். முதலாளி அப்படியே சிலையானார்.

"மாட்டுனா போச்சு பாஸ். கம்ப்யூட்டர்ல இல்லாதத டிஸ்க்லயும் அழிச்சிடும். நேத்து சாயங்காலத்துலேர்ந்து அது அதுக்குத்தான் அரை மணிக்கு ஒரு தடவ கதவத் தட்டிக்கிட்டு இருக்கு!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காலையில் நான் கேட்டதும் அவர் டிஸ்கைக் கொடுத்திருந்தால்? நான் என் கையாலேயே மாட்டி, லாக்கில் "எல்லாம் நல்லாருக்கு" என்று வந்ததைப் பார்த்துச் சந்தோஷமாகச் சுண்டல் தின்றிருப்பேன். என் காலைநேரக் கோபத்தில் ஒரு பெண்ணின் பாட்டே போயிருக்கும்.

"அத சாமிகிட்டயே கொண்டுபோய் வைங்க" என்றேன். "பத்தரை வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

முதலாளி குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல டிஸ்கைப் பட்டுத் துணிமேல் வைத்துவிட்டு வந்தார். நான் ஸ்கிரிப்டை நிறுத்தினேன். அது விழித்துக்கொள்ளும் நேரத்தை எடுத்தேன். போதாதென்று கணினியையே அணைத்தேன், சரஸ்வதி படம் மறைந்ததற்கு முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அணைப்பதற்கு முன்னால் மட்டும் டீச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டு லாக்கைக் காட்டினேன்.

"இங்க பாருங்க டீச்சர். முந்தாநாள் சாயங்காலம் நல்லாருக்குன்னு போட்டிருக்கு. அப்ப உங்க பாட்டு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, டிஸ்க்லயும் இருந்துச்சு. நேத்து காலைல இவரு இங்க அழிச்சாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வரியும் கோளாறு. ஒரு தடவகூட டிஸ்க்க தொட முடியல."

டீச்சர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார், பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல. பிறகு என் காதருகே குனிந்து, "கோளாறுன்னா நல்லதா கெட்டதாக்கா?" என்றார்.

"இன்னிக்கு நல்லது டீச்சர்! ஒண்ணுகூட குறையாம எல்லாமே கோளாறு!"

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஒரு கிண்ணம் சுண்டலைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "சாப்புடுங்க டீச்சர், நீங்க சாப்புட்டாத்தான் எனக்கு உயிர் வரும்" என்றார். யாருக்குச் சமாதானம் வேண்டும் என்று தெரியாத ஒரு நிலைமை.

பத்தரைக்கு முதலாளி கற்பூரம் காட்டினார். எத்தனையோ வருஷம் அவர் பூஜையைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு டிஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை.

ஸ்கிரிப்டே இல்லாத மருமகனின் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு ஒயரைச் சொருகப் போனால், இறங்கவில்லை. சொருகும் ஓட்டைக்குள் சந்தனம். பக்தி முற்றிப்போய் அங்கேயும் பூசியிருக்கிறார்! "எல்லாப் பக்கமும் பூசணும்னு நெனச்சேன்மா" என்றார் பரிதாபமாக. பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் எடுத்தேன், சாமி சன்னிதி என்றும் பார்க்கவில்லை. முதலாளி எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். கடைசியில் ஒயர் இறங்கியது. டிஸ்கின் சின்ன விளக்கு எரிந்தது. ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அந்த வருஷம் இருந்தது. அந்தக் கல்யாணம் இருந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று முதலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒலிப்பதிவைத் திறந்து ஊஞ்சல் நேரத்தைத் தேடிப் பிடித்தேன். பாத்திரம் உருள்கிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ "வெத்தல தட்டு எங்க?" என்று அதட்டுவது, பிறகு ஒரு குரல் எழும்பியது. நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர் அவர் என்று தோன்றியதால் ஹெட்போனைக் கழற்றி டீச்சர் தலையில் மாட்டினேன்.

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு வலது கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. கண்கள் மூடின. உதடுகள் திறந்தன. அவரே அறியாமல் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். அவர் காதுக்குள் அந்த முழுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு, வெளியே, வெறும் மூச்சுத்தான் கேட்டது. ஒரு சொல் இல்லை, ஒரு ஸ்வரம் இல்லை, காற்று மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ஆனால் எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்தது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. முதலாளி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பாட்டு முடிந்ததும் டீச்சர் கண்ணைத் திறந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஏன் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? நல்லாத்தானே பாடியிருக்கேன்?" என்றார் காற்றாக.

அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டை மாற்றினேன். கணினியில் எதை அழித்தாலும் டிஸ்கில் இனி எதுவும் அழியாது. பழசு சேர்ந்து டிஸ்க் நிறைந்தால் இன்னொரு டிஸ்க் வாங்கிக் கொடுப்பதாக முதலாளி சரஸ்வதி முன்னாலேயே ஒப்புக்கொண்டார். மருமகன் இரண்டு நாள் உட்கார்ந்து பாத்திரச் சத்தத்தையும் வெற்றிலைத் தட்டுக்காரரையும் குறைத்துப் பாட்டைத் துலக்கிக் கொடுத்தார். கேட்காமலேயே செய்தார். சினிமாப் பாட்டு எதையும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுபாங் ஜெயாவில் வளைகாப்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கேமரா இல்லாமல் ஒரு விசேஷத்துக்குப் போனது முதலாளிக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். தங்கையை மனையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, டீச்சர்தான் முதல் வளையலை எடுத்தார். மருமகன் பாட்டுப் பெட்டியின் பொத்தானைத் தட்டினார். கூடம் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சமையற்கட்டிலிருந்து பெண்கள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்கள்.

எனக்குப் பக்கத்தில் காஜாங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம் போல, அவர் கேட்பது கூடத்துக்கே கேட்டது.

"யாருமா பாடறது? ரேடியோவா?"

யாரும் பதில் சொல்வதற்குள் மனையில் இருந்த பெண் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு, ஒரு கை வயிற்றின்மேல்.

"எங்க அக்கா பாடறாங்க அங்கிள். சும்மா கேளுங்க."

டீச்சர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த வளையலை எடுத்துத் தங்கையின் கையில் மெதுவாக ஏற்றினார்.